குடியரசுகளின் கதை: வெனிஸ் தன் தலைவருக்குப் போட்ட கடிவாளம்

வெனிஸ் குடியரசின் தலைவருக்கு டோஜே என்று பெயர். ஆயுள் முழுக்கப் பதவி, பொன்னிழை உடை, புனித மாற்கு தேவாலயத்தை ஒட்டிய அரண்மனை என அரசருக்குரிய எல்லாமே அவருக்கு உண்டு, அரசரின் அதிகாரத்தைத் தவிர. தொடக்க நூற்றாண்டுகளில் அதுவும் இருந்தது. மகனைத் துணை ஆட்சியாளராக்கி, பதவியைக் குடும்பச் சொத்தாக்கப் பார்த்த டோஜேக்கள் பலர். அந்த வழக்கம் 11ஆம் நூற்றாண்டில் தடுக்கப்பட்டது. 1172இல் டோஜே வித்தாலே மிக்கியேல் கொலையுண்ட பின், டோஜேயைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிறு குழு ஒன்றிடம் சென்றது. ஆனால் குழு சிறியதானால் அதை விலைக்கு வாங்குவதும் எளிது. வெனிஸின் பெருங்குடும்பங்கள் ஒன்றையொன்று அந்த அளவுக்குச் சந்தேகித்தன.

அந்தச் சந்தேகத்தில் பிறந்ததுதான் 1268இல் வந்த தேர்தல் முறை. வெனிஸின் ஆளும் அவையான பெருமன்றத்தில் 30 வயது நிரம்பிய உறுப்பினர்களிலிருந்து 30 பேரைச் சீட்டு தேர்ந்தெடுக்கும். மறு சீட்டில் அவர்கள் 9 பேராகக் குறைவார்கள். அந்த 9 பேர் 40 பேரை வாக்களித்துத் தேர்வார்கள். சீட்டு அவர்களை 12 ஆக்கும். 12 பேர் 25 பேரைத் தேர்வார்கள். சீட்டு 9 ஆக்கும். 9 பேர் 45 பேரைத் தேர்வார்கள். சீட்டு 11 ஆக்கும். இந்த 11 பேர் தேர்ந்தெடுக்கும் 41 பேரே டோஜேயை முடிவு செய்வார்கள். வெல்ல 25 வாக்குகளாவது வேண்டும். சீட்டுக்கான உருண்டைகளை எடுப்பவன் தெருவிலிருந்து அழைத்து வரப்பட்ட ஒரு சிறுவன்.

பார்வைக்கு வீண் சுற்றாகத் தோன்றினாலும் இதில் ஆழ்ந்த அரசியல் அறிவு இருக்கிறது. இறுதியில் வாக்களிக்கப் போகிறவர் யாரென்று முன்கூட்டியே தெரியாதபோது யாருக்குப் பணம் கொடுப்பது? சீட்டு சூழ்ச்சியைத் தடுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பான்மையைவிடக் கூடுதலான வாக்குகள் தேவைப்பட்டதால் தகுதியும் பார்க்கப்பட்டது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்த முறை ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்காது.

தேர்வானவரும் சுதந்திரமானவர் அல்லர். பதவியேற்கும்போது அவர் ஒரு நீண்ட உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்க வேண்டும். அயல்நாட்டுக் கடிதங்களை ஆலோசகர்கள் இல்லாமல் அவர் பிரிக்கக் கூடாது. ஒரு டோஜே இறந்ததும், அடுத்தவர் மீது சுமத்த வேண்டிய புதிய கட்டுப்பாடுகளை ஒரு குழு எழுதும். இறந்தவரின் ஆட்சியில் தவறு கண்டால் அவருடைய வாரிசுகளுக்கு அபராதமும் விழும். 1355இல் ஆட்சியைத் தனதாக்கச் சதி செய்த மரீனோ ஃபலியேரோவின் தலை வெட்டப்பட்டது. அரண்மனையின் பெருமன்றக் கூடத்தில் டோஜேக்களின் உருவப்படங்களுக்கு நடுவே அவருக்குரிய இடத்தில் இன்றும் கருந்திரைதான் தீட்டப்பட்டிருக்கிறது.

இத்தனை காவலும் பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டது. 1297க்குப் பின் பெருமன்றத்தில் இடம்பெறும் உரிமை படிப்படியாகக் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு மட்டுமானது. மீனவர்களும் கப்பல் தொழிலாளர்களும் எந்தச் சுற்றிலும் இல்லை. தனியொருவரின் ஆட்சியை இவ்வளவு நுட்பமாகத் தடுத்த வெனிஸ், ஒரு வகுப்பின் ஆட்சியைக் குற்றமாகவே கருதவில்லை. வெனிஸைப் புகழ்ந்த அரசியல் நூலாசிரியர்கள் பலர் இதை எளிதாகக் கடந்துபோனது வருத்தத்துக்குரியது.

நெப்போலியனின் படை நெருங்கியபோது, 1797 மே 12 அன்று பெருமன்றம் கடைசியாகக் கூடியது. தீர்மானம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வரவில்லை. இருந்தும் வாக்கெடுப்பு நடந்தது. வெனிஸ் குடியரசு கலைக்கப்பட்டது. கடைசி டோஜே லுதோவிக்கோ மனின் பதவியிலிருந்து விலகினார்.