லாரிப் புகையும் வீட்டுக் கணக்கும்

நெய்வேலி என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்சாரம். 1930-களில் ஸ்ரீ ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறமான ஒரு வஸ்து வெளிப்பட்டது. அதை அவர் அலட்சியம் செய்யவில்லை. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஏற்பட்டது; 1957 மே 20-ந் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்; 1962-ல் அந்தப் பழுப்பு நிலக்கரி மின்சாரமாக மாறத் தொடங்கியது.

ஆனால் அதே நெய்வேலியின் சாலையில் ஓடும் பழைய லாரிக்கு அந்த நிலக்கரி எள்ளளவும் உதவாது. அனல் நிலையத்துச் சாம்பலை ஏற்றிச் செல்லும் லாரியானாலும் சரி, பண்ணுருட்டிப் பலாப்பழத்தை ஏற்றிச் செல்லும் லாரியானாலும் சரி, அதற்கு வேண்டியது டீசல். டீசல் பிறப்பது கச்சா எண்ணெயிலிருந்து. நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்தே வாங்குகிறது. ஆகவே, மேடு ஏறும் லாரியின் பின்னால் கரும்புகை எழுவதைக் காணும்போது, லாரிக்காரரின் பணமும் தேசத்தின் பணமும் சேர்ந்து புகைகின்றன என்று அறிய வேண்டும்.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி நெருப்பு மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம் இதுதான்: காற்றை மிகவும் அழுத்தினால் அது தானே கொதிப்பேறும், அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீச்சும் வேலையைச் செய்வது டீசல் பம்பும் நாஸிலும். ராபர்ட் பாஷின் தொழிற்சாலை 1927-ல் இந்தப் பம்புகளை ஏராளமாகச் செய்யத் தொடங்கிய பிறகே லாரிகளில் டீசல் எஞ்சின் பரவிற்று. நம் நாட்டில் 1951-ல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ கம்பெனி இவற்றை இங்கேயே உற்பத்தி செய்தது. 2008-ல் அதன் பெயர் பாஷ் என்று மாறியபோதிலும், நம் மெக்கானிக்குகளின் வாயில் அது மைக்கோ பம்புதான்.

பள்ளிக்கூட வாத்தியார் என்ற உரிமையில் ஒரு சிறு கணக்குப் போடுகிறேன். ஆறு சிலிண்டர் லாரி ஒன்று மணிக்கு 10 லிட்டர் டீசல் குடித்து, நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாஸிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பீச்சும். அப்படியானால் ஆறு நாஸிலும் சேர்ந்து ஒரு மணியில் 2,70,000 தடவை பீச்சுகின்றன. ஒரு தடவைக்கு உரியது ஒரு லிட்டரில் 27,000-ல் ஒரு பங்கு. அது ஒரு சொட்டுக்கும் குறைவு! அந்த அணுவளவு எண்ணெய் சரியான அளவில், சரியான நொடியில், மூடுபனிபோல் சிதறி விழ வேண்டும். டீசல் சிக்கனத்தின் ரகசியமெல்லாம் இதற்குள் அடங்கியிருக்கிறது.

வீட்டிலுள்ள பெரியோர்களுக்குப் பழைய பம்ப் அடுப்பு ஞாபகமிருக்கும். அதன் துவாரம் சுத்தமாயிருந்தால் நீலச் சுடர் எரியும். அடைத்துக்கொண்டாலோ மஞ்சள் தீயும் புகையுமாய்ப் பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். நாஸிலின் கதையும் அதுவே. அதன் ஊசிக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு குறைவு. சிறு தூசியோ, ஒரு துளி நீரோ உட்புகுந்தால் ஊசி தேயும். எண்ணெய் சிதறாமல் ஒழுகும். ஒழுகிய எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாகும். மண்ணும் சாம்பலும் காற்றில் பறக்கும் சாலைகளில் ஓடும் லாரிக்கு இது விசேஷமான அபாயம்.

இதற்குப் பரிகாரம் என்ன? முதலாவது, டீசல் பில்டரைக் குறித்த காலத்தில் மாற்றுவது. அதன் அடியில் தங்கும் நீரை அடிக்கடி வடித்துவிடுவது. ஏர் பில்டரையும் அவ்வாறே கவனிப்பது. போதிய காற்று இல்லாவிட்டால் நல்ல நாஸிலும் புகைதான் கக்கும். இரண்டாவது, நாஸில்களைக் கழற்றிச் சோதனைப் பம்பில் பார்ப்பது. கம்பெனி குறித்த அழுத்தத்தில், பல பழைய எஞ்சின்களில் காற்று மண்டலத்தைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்கில், அது திறக்க வேண்டும். சிதறல் எல்லாத் துவாரத்திலும் ஒத்திருக்க வேண்டும். நுனியில் சொட்டு நிற்கலாகாது. சிதறும் எண்ணெயின் முன் கையை நீட்டக் கூடாது; அந்த வேகத்தில் அது தோலைத் துளைத்து உட்செல்லும். மூன்றாவது, பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, ஆறு குழாய்க்கும் சம அளவு எண்ணெய் வருகிறதா என்று அளந்து, எஞ்சினில் பொருத்தும்போது டைமிங்கைச் சரிபார்ப்பது. நாஸிலைத் திரும்ப மாட்டுகையில் பழைய செப்பு வாஷரையே போடுவது கைக்காசை மிச்சம் பிடித்துப் பெட்டியைப் பறிகொடுப்பதாகும்.

புகையின் நிறமும் நமக்குப் பாடம் சொல்லும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசலையோ ஒழுகும் நாஸிலையோ காட்டும். எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் பற்றாமலே வெளியேறுகிறது என்று சந்தேகிக்கலாம். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதன் அறிகுறி. அதற்குப் பம்பைப் பழிப்பதில் பயனில்லை.

"இழுவை போதவில்லை" என்று பம்பின் சீலை உடைத்து, மாக்ஸிமம் ஸ்க்ரூவைத் திருகி எண்ணெயைக் கூட்டிவிடும் வழக்கம் ஒன்றுண்டு. பசியில்லாத குழந்தைக்கு மேலும் சோறு திணிப்பதற்கும் இதற்கும் வேற்றுமையில்லை. இழுவை சற்றே கூடுவதுபோல் தோன்றும். மைலேஜ் குறையும், எஞ்சின் சூடேறும்.

லாபக் கணக்கையும் பார்ப்போம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் 750 லிட்டர் ஆகும். பழுதுபட்ட நாஸிலையும் பம்பையும் சீர்செய்து 4.4 கிலோமீட்டர் கிடைத்ததென்று வைத்துக்கொண்டால் 682 லிட்டர் போதும். மீதம் 68 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் மாதம் ரூ. 6,120. ஏற்கெனவே நன்றாயிருக்கும் லாரிக்கு இவ்வளவு கிடைக்காது. நெடுநாள் கவனியாத லாரிக்கே இது பொருந்தும். கடன் தவணை கட்டும் சொந்த லாரிக்காரருக்கு ஆறாயிரம் ரூபாய் அற்பமன்று. குழந்தையின் பள்ளிச் சம்பளமும் வீட்டு மளிகைக் கணக்கும் அதில் அடங்கும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டமும் ஒன்று உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று தீர்மானித்தது. நாளெல்லாம் அதைச் சுவாசிப்பவர் லாரியின் டிரைவரும் கிளீனரும். பிறகு சாலையோரமாய்ப் பள்ளிக்கு நடக்கும் நம் சிறுவர் சிறுமியர்.

புதிய லாரிகளில் பீச்சும் வேலையை மின்னணுக் கருவி மேற்பார்வை செய்கிறது. பழைய லாரிக்கு அந்தக் காவலன் இல்லை. உடையவரின் கவனமே காவல். நம் உறவினரிலோ அண்டை வீட்டாரிலோ பழைய லாரி வைத்திருப்பவர் இருந்தால், அடுத்த தடவை புகையைக் கண்டதும் நாஸிலைக் கழற்றிச் சோதிக்கும்படி அவரிடம் சொல்லுங்கள்.