துணைக்கு வந்த வெள்ளை மாத்திரை

கோவிட் நோயாளிக்குத் தரப்படும் பாக்ஸ்லோவிட் அட்டையில் வேளைக்கு மூன்று மாத்திரைகள் இருக்கும். இளஞ்சிவப்பில் இரண்டு, வெள்ளையில் ஒன்று. இளஞ்சிவப்பு, நிர்மாட்ரெல்விர். வைரஸ் தன் புரதச் சங்கிலியை வெட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது. வெள்ளை, ரிடோனாவிர். கொரோனா வைரஸை அது ஒன்றும் செய்வதில்லை. ஆனாலும் அது இல்லாமல் இந்தச் சிகிச்சை நடக்காது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. உடலுக்குள் வரும் மருந்துகளில் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி, நிர்மாட்ரெல்விரையும் விரைவில் சிதைத்துவிடும். ரிடோனாவிர் அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் காலை, இரவு என இரண்டு வேளை மருந்திலேயே ரத்தத்தில் தேவையான அளவு நிலைத்திருக்கிறது.

ரிடோனாவிர் இந்த வேலைக்காகப் பிறந்ததல்ல. அபாட் நிறுவனம் எச்ஐவிக்காக உருவாக்கிய மருந்து அது. அமெரிக்காவில் 1996 மார்ச்சில் அனுமதி பெற்றது. அன்று வேளைக்கு 600 மில்லிகிராம் தர வேண்டியிருந்தது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் நோயாளிகளை வாட்டின. பிறகு, 100 மில்லிகிராம் கொடுத்தாலே உடன் தரப்படும் மற்ற எச்ஐவி மருந்துகளின் ஆயுள் நீள்வது தெரிந்தது. அன்றிலிருந்து அது துணை மருந்து.

அதற்கு நடுவே 1998இல் நடந்தது மருந்தியல் வரலாற்றில் தனி இடம் பெற்றது. சுமார் 240 தொகுதி கேப்ஸ்யூல்கள் சிக்கலின்றித் தயாரான பிறகு, திடீரென்று கரைதிறன் சோதனையில் அவை தோற்கத் தொடங்கின. உள்ளே பார்த்தால், அதுவரை யாரும் கண்டிராத ஒரு படிகம். மூலக்கூறு அதேதான், ஓர் அணுகூட மாறவில்லை. மூலக்கூறு சற்றே வேறு விதமாக மடங்கி, வேறு விதமாக அடுக்கப்பட்டிருந்தது. அந்த அடுக்கு முந்தையதைவிட உறுதியானது. ஆகவே கரைய மறுத்தது. கரையாத மருந்து ரத்தத்தில் சேராது. பாலில் விழுந்த உறைமோர் போல, புதிய படிகத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று போதும், மற்றவையும் அதே வடிவில் இறுகிவிடும். பழைய படிகத்தைத் தயாரிப்பதே அபாட்டின் ஆலையில் அரிதாகிப்போனது. காரணம் தேடி ஆய்வாளர்கள் இத்தாலியில் இருந்த மற்றோர் ஆலைக்குச் சென்று வந்த பின், அங்கும் புதிய படிகம் தலைகாட்டியது. கேப்ஸ்யூல் சந்தையிலிருந்து மறைந்தது. உயிர் காக்கும் மருந்தை நிறுத்த முடியாத நோயாளிகள், 43 சதவீதம் ஆல்கஹால் கலந்த, குடிக்கச் சகிக்காத திரவத்துக்கு மாற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மென் கேப்ஸ்யூல் வந்தது. அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. குளிர்பெட்டி தேவைப்படாத மாத்திரை 2010இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு இல்லாவிட்டால், வீட்டிலிருந்தே விழுங்கும் கோவிட் மாத்திரை இத்தனை சுலபமாக வாய்த்திருக்காது.

கோவிடுக்கு எதிராக ரிடோனாவிர் இறங்கியது இது முதல் முறையும் அல்ல. 2020 தொடக்கத்தில் வூஹானில் லோபினாவிர் என்ற மருந்துடன் சேர்த்து 199 நோயாளிகளிடம் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. துணை சரிதான், முதன்மை மருந்துதான் இந்த வைரஸுக்குப் பொருந்தவில்லை. நிர்மாட்ரெல்விர் பொருந்தியது. தடுப்பூசி போடாத, ஆபத்து மிகுந்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அறிகுறி தோன்றிய மூன்று நாட்களுக்குள் தொடங்கியவர்களுக்கு மருத்துவமனை சேர்க்கையும் மரணமும் சேர்ந்து 89 சதவீதம் குறைந்தன. அமெரிக்க அவசரகால அனுமதி 2021 டிசம்பர் 22இல் கிடைத்தது. ஐந்து நாட்களுக்குள் தொடங்குவது நிபந்தனை. ஆபத்து குறைந்தவர்களுக்கும், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இந்த அளவு பலன் பின்னர் நடந்த ஆய்வில் தென்படவில்லை.

கல்லீரல் நொதியை நிறுத்துவதற்கு விலையும் உண்டு. சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகள் உடலில் தேங்கித் தசையைச் சிதைக்கலாம். சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் நச்சளவுக்கு உயரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்எதிர்: அந்த நொதியைத் தூண்டிவிட்டு, கோவிட் மருந்தையே வீணாக்கிவிடும். எனவே நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவர் பார்த்த பிறகே பாக்ஸ்லோவிட் எழுத வேண்டும். அதற்காக நிறுத்திய மாத்திரைகளை, ஐந்து நாள் சிகிச்சை முடிந்த மறுநாளே தொடங்கிவிடக் கூடாது. நொதி மீள மேலும் சில நாட்கள் ஆகும்.