முதியோர் இல்லம் தேடும் முன்

இடுப்பெலும்பு முறிந்து தேறிய முதியவரை வீட்டிற்கு அனுப்பும் நாளன்றுதான், “குறைந்த செலவில் நல்ல இல்லம் உண்டா, டாக்டர்?” என்று உறவினர் கேட்கின்றனர். மருத்துவமனையில் சேர்த்த மறுநாளே கேளுங்கள்.

கட்டண இல்லங்கள் பல, தாமே கழிவறை செல்லக்கூடியவரை மட்டுமே ஏற்கின்றன. படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, இரவில் உதவியாளர் இருப்பாரா, முன்பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். டயப்பர், மருந்து, உதவியாளர் கூலி பெரும்பாலும் தனிக்கணக்கு. முன்னறிவிப்பின்றி உணவு வேளையில் சென்று பாருங்கள். வரவேற்பறை எங்கும் அழகாகத்தான் இருக்கும்.

பதிவு பெற்ற இல்லங்களைப் பற்றி மாவட்டச் சமூகநல அலுவலகத்திலும், 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். இயன்முறை சிகிச்சைதான் தேவையெனில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே பெறலாம். இல்லமே தேவைப்படாமற் போகலாம்.

முதியவரிடமும் கேளுங்கள். அறைவாசலில் நாம் பேசுவது அவர் செவியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.