ஆசிய கழகப் போட்டிக்கு நமது அணி போவது எப்படி?

அல்-அஹ்லி, அல்-ஹிலால் அணிகள் ஆசிய சம்பியன்ஸ் லீக்கில் விளையாடும் இரவுகளில் நமதூர் இளைஞர்கள் பலர் தூங்குவதில்லை. "சேர், நம்மட கழகம் ஒண்டு இதுல விளையாட ஏலாதா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஏலும். ஆனால் வழி நீளமானது.

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 2024/25 பருவகாலத்தில் தனது கழகப் போட்டிகளை மூன்று படிகளாக்கியது. உச்சியில் 24 அணிகளுடன் சம்பியன்ஸ் லீக் எலைட், நடுவில் 32 அணிகளுடன் சம்பியன்ஸ் லீக் டூ, கடைசியில் 20 அணிகளுடன் சலஞ்ச் லீக். எந்த நாட்டுக்கு எந்தப் படியில் எத்தனை இடம் என்பதை, அந்நாட்டுக் கழகங்கள் முன்னைய ஆண்டுகளில் ஆசியப் போட்டிகளில் சேர்த்த புள்ளிகள் தீர்மானிக்கின்றன. இதனால் சவூதிக் கழகங்கள் நேரே எலைட்டுக்குள் நுழைகின்றன. பின்தங்கிய நாடுகளின் சம்பியன்களோ சலஞ்ச் லீக்கின் ஆரம்பச் சுற்றில் ஒரேயொரு போட்டியில் வென்றால்தான் குழுநிலைக்குப் போகலாம்.

பழைய ஏ.எப்.சி. கிண்ணத்தில் நாமும் இருந்தோம். 2021 சுப்பர் லீக்கை வென்ற களுத்துறை புளூ ஸ்டார், 2022 ஏப்ரலில், நோன்பு தொடங்கிய முதல் வாரத்தில், நேபாளத்தின் மச்சீந்திரா கழகத்தை 2-1 என வீழ்த்தியது. அடுத்த வாரம் கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றது. தோல்வி பெரிதுதான். என்றாலும் அந்த ஒரு வெற்றியை நாம் போதியளவு கொண்டாடவில்லை என்பது எனது எண்ணம்.

சம்பியனானால் மட்டும் போதாது. கழகத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இளையோர் அணி, தகுதிபெற்ற பயிற்றுவிப்பாளர், மைதானம், கணக்காய்வு செய்த நிதியறிக்கை, வீரர்களுக்குச் சம்பள நிலுவையின்மை எல்லாம் பார்க்கப்படும். இதற்கெல்லாம் மேலே சம்மேளனம் ஒழுங்காக இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் பீபா இலங்கையைத் தடைசெய்து ஓகஸ்டில்தான் நீக்கியது. தடைக்காலத்தில் எந்தக் கழகமும் வெளியே விளையாட முடியாது.

பூட்டானைப் பாருங்கள். எட்டு இலட்சம் பேர்கூட இல்லாத நாடு. 2024இல் அதன் பாரோ கழகம் ஆரம்பச் சுற்றில் நேபாள அணியொன்றை வென்று, திம்புவில் நடந்த குழுநிலையில் இந்தியாவின் ஈஸ்ட் பெங்காலுடன் 2-2 எனச் சமன்செய்தது.

நமதூர்க் கழகப் பொதுக்கூட்டங்களில் ஜேர்சியின் நிறம் பற்றி ஒரு மணிநேரம் பேசுகிறோம். பதினைந்து வயதுக்குட்பட்ட அணி எங்கே, கணக்கறிக்கை எங்கே என்று எவரும் கேட்பதில்லை.