கத்தியும் காவேரியும் – 17: பெருமாள் கையில் அட்டை

போன வாரம் திருமுக்கூடல் கல்வெட்டில் நின்றோம். வீரராசேந்திர சோழன், மருத்துவமனையில் 15 படுக்கை, மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்பவருக்கு 30 கலம். முன்கதை அவ்வளவுதான். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஸ்ரீரங்கத்தில் பிறந்து லண்டன் வரை போய்ப் படித்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் அறுவை மேசைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். போகிற வழியில் ஓர் அட்டை பிடித்துக்கொண்டது.

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னிதி இருக்கிறது. தாயாரைச் சேவிக்கிற அவசரத்தில் பாதிப்பேர் தாண்டிப் போய்விடுவார்கள். சங்கு, சக்கரம், அமிர்த கலசம். இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவது கையில் இருப்பது அட்டைப்பூச்சி. 'பெருமாள் கையில் இது எதற்கு?' என்று கேட்டால், 'வைத்தியருக்கு வேண்டாமா?' என்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அது மருந்து அல்ல, ஆயுதம். பழங்கால அறுவை மருத்துவர் சுசுருதர் கத்தி, ஊசி, ரம்பங்களைச் சொல்லி முடித்துவிட்டு, அவை கிடைக்காத இடத்திலும் கத்தியைக் கண்டு நடுங்குகிற குழந்தைகள், முதியவர்களிடத்திலும் பயன்படுத்த ஒரு மாற்றுப் பட்டியல் தருகிறார். மூங்கில் பட்டை, கண்ணாடி, நகம், நெருப்பு என்று போகிற அந்த வரிசையில் அட்டையும் உண்டு. அதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். நஞ்சுள்ளவை ஆறு வகை, நஞ்சில்லாதவை ஆறு.

செய்முறையைப் படித்தால் அருகில் உட்கார்ந்து பார்த்ததுபோல் இருக்கிறது. கடுகும் மஞ்சளும் அரைத்த நீரை அட்டைமேல் தடவ வேண்டும். களைப்பு நீங்கியதும் புண்ணில் விட வேண்டும். கடித்துக்கொண்டதும் ஈரத்துணியால் மூட வேண்டும். குத்தலும் அரிப்பும் எடுத்தால் அது நல்ல ரத்தத்துக்கு வந்துவிட்டது என்று பொருள், கழற்றிவிட வேண்டும். விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் வாயருகே கொஞ்சம் இந்துப்பு. பிறகு இடதுகை விரல்களால் வாலைப் பிடித்து, வலதுகை விரல்களால் வாய்ப்பக்கம் மெல்ல வழித்து, குடித்ததையெல்லாம் கக்க வைக்க வேண்டும். தண்ணீரில் விட்டதும் இரை தேடி ஓடினால் சரி. அடியில் கிடந்தால் மறுபடியும் வழிக்க வேண்டும். நோயாளியைவிட அட்டைக்குத்தான் உபசாரம் அதிகம்!

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அறுந்த விரலையோ காதையோ ஒட்டுகிறபோது தமனியைத் தைத்துவிடுவார்கள்; நூலைவிட மெல்லிய சிரைதான் மக்கர் செய்யும். உள்ளே போன ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். ஒட்டிய பாகம் நீலம் பாரித்துச் செத்துப்போகும். புதிய சிரைகள் முளைக்கச் சில நாட்கள் ஆகுமே, அதுவரை? 1985இல் பாஸ்டனில் நாய் கடித்துத் துண்டித்த ஒரு சிறுவனின் காதை ஒட்டவைத்த ஜோசப் அப்டனுக்கு இதே சிக்கல் வந்தது. வேல்ஸ் நாட்டிலிருந்து அட்டைகளை வரவழைத்துக் காதில் விட்டார். காது பிழைத்தது. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் இருக்கிறது. அட்டை விழுந்த பிறகும் கடிவாயில் மணிக்கணக்கில் ரத்தம் கசியும். காதைக் காப்பாற்றியது அந்தக் கசிவுதான். 2004இல் அமெரிக்க அரசு அட்டையை மருத்துவச் சாதனமாகவே அங்கீகரித்தது. சுசுருதர் போட்ட அதே பட்டியல்!

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புவோம். கோயிலில் இருந்த ஆரோக்கியசாலை படையெடுப்பில் பாழாகி, கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்று 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. பட்டரின் பெயர் கல்லில் நிற்கிறது. திருமுக்கூடலிலும் மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் பெயரோடு நிற்கிறார். கத்தி எடுத்தவருக்கு அங்கே வேலையின் பெயரும் 30 கலம் நெல்லும்தான். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது; இந்தத் தொடரைத் தொடங்கியதே அதனால்தான்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ராஜன். ராயபுரத்தில் படித்து, பர்மாவில் வேலை பார்த்து, லண்டனில் வ.வே.சு. ஐயரோடு பழகி, திருச்சியில் மருத்துவமனை வைத்தவர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தொண்டர் படை உப்பு அள்ள வேதாரண்யத்துக்குக் கிளம்பியது கன்டோன்மென்டில் இருந்த இவருடைய வீட்டிலிருந்துதான். அட்டையைக் கழற்ற உப்பு போடச் சொன்னார் சுசுருதர். நம்மை உறிஞ்சியவர்களைக் கழற்றவும் திருச்சிக்காரர்கள் உப்பைத்தான் தேடிப்போனார்கள். இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

பக்கம் முடிந்துவிட்டது, அச்சுக்கு நேரமாகிறது. ராஜனின் அறுவை மேசை அடுத்த வாரம். அவர் எழுதிய 'நினைவு அலைகள்' வீட்டு அலமாரியில் இருந்தால் தூசி தட்டி எடுத்து வையுங்கள், சேர்ந்தே படிப்போம்.