கிளி விரட்டக் காற்றுத் துப்பாக்கி வேண்டாம்

கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் சோளம், மக்காச்சோளக் கொல்லைகளில் கிளித் தொல்லை அதிகம். ஆலைகளில் கழித்த பழைய வால்வைப் பி.வி.சி. குழாயில் பொருத்தி, காற்றடைத்து, திடீரெனத் திறந்து ஓசையெழுப்பும் துப்பாக்கியைச் சிலர் தாமே செய்துகொள்கின்றனர். சேவுகம்பட்டி போன்ற தோட்டக்கால் ஊர்களில் இப்பொருள்கள் எளிதில் கிடைக்கும். எனினும் இதைச் செய்யவே கூடாது.

குழாயின் மேல் அச்சிட்டுள்ள 6 கிலோ அழுத்தம் தண்ணீருக்கு உரியது. தண்ணீர்க் குழாய் விரிசல் கண்டால் அழுத்தம் உடனே தணிந்துவிடும். அடைபட்ட காற்றோ வில் போல விரிந்து, குழாயைச் சில்லுகளாகச் சிதறடிக்கும். 4 அங்குலக் குழாயின் மூடிமேல் அந்த அழுத்தத்தில் சுமார் 500 கிலோ விசை விழும். வெயிலில் கிடந்த குழாய்க்கு வலுவும் குறைவு.

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் குழாயால் செய்த கார்பைடு துப்பாக்கிகளால் சிறுவர் பலர் கண்ணில் காயமுற்றனர், சிலர் பார்வையிழந்தனர். அது வாயு வெடிப்பு, இது காற்றழுத்தம். கண்ணுக்கு நேரும் கேடு ஒன்றே.

பழைய வால்வைப் பாசனத்துக்குப் பயன்படுத்தலாம். மருந்து, அமிலம் சென்ற வால்வை ஒதுக்குங்கள். மற்றதைக் கழற்றிக் கழுவி, வாஷர் மாற்றி, தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பாருங்கள். காற்றடைத்துப் பார்க்க வேண்டாம். குறைந்த அழுத்தமுள்ள வாய்க்கால் முனைக்கு அது போதும்.

கிளிக்கு, பளபளக்கும் நாடாவை முறுக்கி, கதிருக்கு ஓரடி மேலே குச்சிகளில் கட்டுங்கள். காற்றில் அது மின்னும், ஒலிக்கும். பால் பிடிக்கும் முன்பே கட்டுவது நல்லது.