பதினோரு கட்டில் கணக்கு

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். இன்க்ரிமென்ட் வந்த மாசமோ, ஊரில் வெள்ளம் வந்த மாசமோ, கேன்டீனில் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பிப்பார். "எத்தனை நாளைக்குத்தான் இப்படி ஃபைலைத் தள்ளிக்கிட்டே இருக்கிறது? சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும் பாஸ்!"

நான் முன்பு குப்பை கொட்டிய ஒரு ஆபீஸில் ஒரு நண்பர் இதைச் செய்தே காட்டினார். முதல் வேலையாக லெட்டர்பேட் அடித்தார். தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிவு செய்ய குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏழு பேர் சேர்ந்தார்கள். அதில் தலைவர் பதவிக்கு மட்டும் ஐந்து பேர் நின்றார்கள்! பொருளாளர் பதவிக்கு ஒரு ஈ, காக்கா வரவில்லை. "நீதான் பி.காம். ஆச்சேப்பா" என்று என் தலையில் கட்டினார்கள். முதல் நிகழ்ச்சி, ஏழைக் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா. நோட்டுப் புத்தகத்துக்கு ஆன செலவைவிட பேனருக்கு ஆன செலவு நூற்றுப் பத்து ரூபாய் அதிகம். பொருளாளர் என்ற முறையில் நான் சாட்சி. இரண்டாவது நிகழ்ச்சி நடக்கவே இல்லை.

சிரிக்காதீங்க. அந்த நண்பரின் ஆசை நிஜமானது. விழா அன்றைக்கு அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆசை இருந்தும் ஏன் மூணு மாசத்தில் கடையைச் சாத்த வேண்டி வருகிறது என்று யோசித்தபோதுதான், மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கதையை காமர்ஸ்காரன் கண்ணால் திரும்பப் படித்தேன்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி. எல்லோருக்கும் டாக்டர் வி. 1918-ல் எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்துவிட்டு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பிரசவ மருத்துவர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. சின்ன வயசில் உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்த துக்கம். ஆனால் முப்பது வயசை எட்டும்போது முடக்குவாதம் தாக்கியது. படுத்த படுக்கை. எழுந்து நடமாட ஆரம்பித்தபோது விரல்கள் கோணிப் போயிருந்தன. பேனா பிடிக்கக் கஷ்டப்பட்ட அந்தக் கையால் கத்தி பிடிக்கப் பழகி, கண் டாக்டர் ஆனார். அந்தக் கோணல் விரல்கள் அவர் ஆயுசில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்திருக்கின்றன.

இந்த இடத்தில் சினிமாவாக இருந்தால் இன்டர்வெல் விடலாம். விஷயம் அதற்கப்புறம்தான் இருக்கிறது.

1976-ல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ரிடையர் ஆனார். நம்ம ஆளுங்க ரிடையர் ஆனால் என்ன செய்வார்கள்? பி.எஃப். பணத்தில் மாடியில் இரண்டு ரூம் எழுப்பி வாடகைக்கு விடுவார்கள். இவர் வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. மதுரையில் ஒரு வீட்டில் 11 கட்டில்களோடு ஆஸ்பத்திரி ஆரம்பமானது. அந்தப் பதினொன்றைப் பிரித்த விதத்தைக் கவனியுங்கள். ஆறு கட்டில் காசு கொடுக்க முடியாதவர்களுக்கு. ஐந்து கட்டில் காசு கொடுப்பவர்களுக்கு.

இந்த ஆறு-ஐந்தில்தான் மொத்தக் கதையும் அடங்கியிருக்கிறது. பதினொன்றையும் இலவசம் என்று அறிவித்திருந்தால் பேப்பரில் போட்டோ வந்திருக்கும், கொஞ்ச நாளில் பூட்டும் தொங்கியிருக்கும். அவர் காசு வாங்கினார். கொடுக்க முடிந்தவரிடம், நியாயமான காசு. அந்தக் காசில் கொடுக்க முடியாதவருக்கும் அதே டாக்டர், அதே ஆபரேஷன். கட்டடமும் அப்படித்தான் வளர்ந்தது. கீழ்த்தளம் முடிந்ததும் நோயாளிகளை உள்ளே விட்டு, அந்த வருமானத்தில் அடுத்த தளம். பெரிய பணக்காரர் செக் கொடுப்பார் என்று காத்திருக்கவில்லை.

எப்படிக் கட்டுப்படியாகும் என்கிறீர்களா? கொஞ்சம் காஸ்டிங் பேசலாம், கொட்டாவி விடாதீங்க. ஒரு பேச்சுக்கு, ஒரு ஆபரேஷன் தியேட்டருக்கு டாக்டர் சம்பளம், மைக்ராஸ்கோப், கரன்ட் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 50,000 ரூபாய் என்று வையுங்கள். அஞ்சு ஆபரேஷன் செய்தாலும் 50,000. ஐம்பது செய்தாலும் 50,000, அதோடு மருந்து, தையல் சில்லறைச் செலவு. அஞ்சுக்கு வகுத்தால் தலைக்குப் பத்தாயிரம். ஐம்பதுக்கு வகுத்தால் ஆயிரம். பி.காம். இரண்டாம் வருஷத்தில் 'ஃபிக்ஸட் காஸ்ட்' என்று மனப்பாடம் செய்து எழுதி, பாஸ் ஆனதும் நாம் மறந்துபோன சமாசாரம்தான்.

ஐம்பது செய்வது எப்படி? அரவிந்த் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் இதை முடித்துவிட்டு மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் அடுத்த கண் ரெடி. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். கண் பரிசோதனை, மருந்து போடுவது, தியேட்டர் உதவி, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்வார். டாக்டர் வி. ஊர் ஊராகப் போய் உதாரணம் காட்டியது எதை என்கிறீர்கள்? மெக்டொனால்ட்ஸ் கடையை! எந்த ஊரிலும் ஒரே மாதிரி, வேகமாக, சல்லிசாக பர்கர் விற்க முடியுமென்றால் கண் பார்வையை ஏன் கொடுக்க முடியாது என்பது அவர் கட்சி. ஆன்மிகத்தில் ஊறிய மனுஷர், அரவிந்தர் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைத்தவர், பர்கர் கடையில் பாடம் படித்திருக்கிறார். 1993-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இந்த மதுரைக் கதையைத் தங்கள் பையன்களுக்குப் பாடமாக வைத்தது.

இலவசப் பிரிவில் இன்னொரு நுணுக்கம். நீ ஏழையா என்று யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பது வருகிறவர் இஷ்டம். வசதியானவன் ஏமாற்ற மாட்டானா என்று நமக்குத் தோன்றும். இலவசப் பக்கம் பெரிய ஹால், வரிசையாகப் பாய். ஏ.ஸி. ரூம் வேண்டுமென்றால் காசு வாசல். ஆள் வைத்து விசாரிப்பதைவிட இது சுலபம், செலவும் கிடையாது. தாசில்தார் ஆபீஸ் படியேறி ஏழை என்று எழுதி வாங்கும் அவமானமும் இல்லை.

ஆனாலும் ஒரு கணக்கு ஆரம்பத்தில் உதைத்தது. கிராமங்களில் முகாம் போட்டு, "கண்புரை இருக்கு, வாங்க, இலவசமா ஆபரேஷன்" என்று கூப்பிட்டால் பல பேர் வரவில்லை. இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை, ஏனென்றால் எங்கள் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. நான் பிளஸ் டூ படித்த சமயம், பக்கத்து ஊரில் நடந்த முகாமுக்கு வா என்று கூப்பிட்டால், "எனக்குக் கண்ணு தெரியாட்டி என்னடா, எருமைக்கு என்னைய அடையாளம் தெரியுதில்ல" என்பாள். பயம் ஒரு பக்கம். நிஜக் காரணம் வேறு. அவள் போனால் துணைக்குப் பெரியப்பா போகவேண்டும். இரண்டு பேர் கூலி போச்சு. பஸ் சார்ஜ், சாப்பாடு. எருமையை யார் பார்ப்பது? ஆபரேஷன் இலவசம்தான், ஆஸ்பத்திரிக்குப் போவது இலவசம் இல்லையே!

அரவிந்த்காரர்கள் ஜனங்களைத் திட்டவில்லை. 'விழிப்புணர்வு இல்லை' என்று மேடையில் புலம்பவில்லை. (இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதி நேரம் அதற்கு அர்த்தம், நாங்கள் விசாரிக்கவில்லை என்பதுதான்.) முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, ஊரில் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்தார்கள். ஊர்க்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து போவதால் துணைக்கு ஆள் வேண்டாம். பெரியம்மாவும் அப்படி ஒரு பஸ்ஸில்தான் போனாள். திரும்பி வந்ததும் முதல் காரியமாக, வீட்டு மூலையில் ஒட்டடை அடிக்கவில்லை என்று மருமகளை ஒரு பிடி பிடித்தாள்.

அடுத்த உதை லென்ஸில். பழைய முறையில் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, ஒன்று நூறு டாலருக்கு மேல். இலவச நோயாளிக்கு எங்கே போவது? 1992-ல் மதுரையிலேயே 'ஆரோலேப்' என்று தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் சேவா ஃபவுண்டேஷன் கைகொடுத்தது. விலை பத்து டாலர் பக்கம் இறங்கியது. மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது.

'லாப நோக்கமற்ற' என்ற வார்த்தையை நம்மில் பலர் 'லாபமே இல்லாத' என்று படித்துக்கொள்கிறோம். உபரி வரலாம் சார். அதை யாரும் பாக்கெட்டில் போடக்கூடாது, அவ்வளவுதான். சட்டமும் தர்ம ஸ்தாபனத்தின் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தக் காரியத்துக்கே செலவழி என்கிறதே தவிர, நஷ்டத்தில் நடத்து என்று சொல்லவில்லை.

இந்தக் கதையை எழுதும் எல்லோரும் டாக்டர் வி.யின் விரல்களோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல்தான் கண். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று ஒரு பட்டாளமே உள்ளே இழுக்கப்பட்டது. தம்பி கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். ஒருத்தருக்கு வரும் வெறிக்கு வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தவணை கட்டவேண்டியிருக்கிறது. எல்லா வீட்டிலும் இதற்குச் சம்மதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். 2006-ல் டாக்டர் வி. காலமானபோது ஆஸ்பத்திரி தள்ளாடாமல் நின்றதென்றால், அந்தத் தவணைகளும் ஒரு காரணம்.

சரி, எல்லாச் சேவைக்கும் காசு கொடுக்கிற ஐந்து கட்டில் கிடைக்குமா? கிடைக்காது. 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்று இருபதைத் தாண்டியிருந்த இரண்டு பெண்கள். தெருவில் மனநிலை பாதிக்கப்பட்டு அலைந்த ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் தேடி அலைந்து, எங்கும் கிடைக்காமல் 'தி பேன்யன்' அமைப்பைத் தாங்களே ஆரம்பித்தார்கள். அங்கே வருகிறவருக்குத் தன் பெயரே தெரியாது, பில் எங்கே கட்டுவது? நன்கொடையில்தான் ஓட்டியாகவேண்டும். அங்கே கணக்கே வேறு. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதைவிட, குணமாகி எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்பது. மருந்து வேலை செய்து, ஒருநாள் திடீரென்று ஊர்ப் பெயர் ஞாபகம் வரும். அது ஒடிசாவாக இருக்கும், வங்காளமாக இருக்கும். கூட ஒருத்தர் ரயிலேறிக் கொண்டுபோய் விடவேண்டும். போக இடமே இல்லாதவர்களுக்கு சாதாரணத் தெருவில் சாதாரண வீடு வாடகைக்குப் பிடித்து நாலைந்து பேரைக் குடிவைக்கிறார்கள். பெரிய விடுதி கட்டிக் கல்வெட்டு வைத்தால் நன்கொடையாளர் மனசு குளிரும். வாடகை வீட்டில் கல்வெட்டுக்கு ஏது இடம்?

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் நடந்தது எங்கள் ஜாதிக்கு, அதாவது கணக்குப் பிள்ளை ஜாதிக்கு, பெருமை சேர்க்கிற கதை. எஸ். ராமகிருஷ்ணன் இன்ஜினீயரிங் மாணவர். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்கு பெங்களூர் போனவர், உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து ஊர் திரும்பினார். 1981-ல், தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் 'அமர் சேவா சங்கம்' ஆரம்பித்தார். கூரைக் கொட்டகையில் சில குழந்தைகளோடு ஒரு பள்ளிக்கூடம். பின்னால் வந்து சேர்ந்தவர் எஸ். சங்கர ராமன். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், தசைச் சிதைவு நோயால் வீல்சேரில் இருப்பவர். கனவு காண ஒருத்தர், அதற்கு பட்ஜெட் போட இன்னொருத்தர். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள். ஈ.எம்.ஐ. இருக்கும். கண் முகாம் ஒன்றை ஏற்று நடத்துவதற்கு ட்ரஸ்ட்டும் வேண்டாம், லெட்டர்பேடும் வேண்டாம். அரவிந்த் முகாம்களை ஆரம்பத்திலிருந்தே லயன்ஸ் கிளப்புகள், ஜவுளிக்கடைகள், கல்லூரிகள் என்று உள்ளூர் ஆட்கள்தான் முன்நின்று நடத்துகிறார்கள். டாக்டரும் கருவிகளும் அங்கிருந்து வரும். உங்கள் பாடு என்னவென்றால், லீவு நாளில் ஒரு பள்ளிக்கூடத்தை ஹெட்மாஸ்டரைக் கெஞ்சிக் கேட்டு வாங்கவேண்டும், நோட்டீஸ் அடித்து ஆட்டோவில் மைக் கட்டி நாலு ஊர் சுற்றவேண்டும், பெரியவர்களை வரிசையில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவேண்டும். சாயங்காலம் பஸ் கிளம்பினதும் பெஞ்சுகளை எண்ணி ஒப்படைக்கவேண்டும். ஒரு பெஞ்ச் குறைந்தாலும் அடுத்த வருஷம் ஹெட்மாஸ்டர் சாவி தரமாட்டார்.